சிங்கம் பார்க்கப் போன இடத்தில் மாடுகள்

பள்ளிப் பரீட்சைகள் முடியும் சமயத்தில் தெரிந்தவர்கள் யாராவது எனக்கு போன் செய்வார்கள். "பிள்ளைகளோட கென்யா போகலாம்னு இருக்கோம், நீங்க போயிருக்கீங்களே, எந்த லாட்ஜ் நல்லது?" தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடுவேன். ஏப்ரல், மே வேண்டாம், அங்கே பெருமழைக் காலம். மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தின் கரிசல் மண்ணில் ஜீப் சக்கரம் புதைந்தால் பாதி நாள் போய்விடும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இனத்தின் கூட்டம் மாரா பக்கம் இருக்கும், காலாண்டு விடுமுறைக்குத் தோதாக வரும். மிகச் சின்னப் பிள்ளைகளை எல்லா கேம்ப்களிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், நடந்து போகும் சஃபாரிக்கு வயது வரம்பு இருக்கும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் திரும்பினால் நம் ஊர் விமான நிலையத்திலேயே தடுத்து வைத்துவிடுவார்கள். இவ்வளவும் தடையில்லாமல் வரும். லாட்ஜ் பெயரைச் சொல்லும் இடத்தில்தான் தயங்குவேன்.

நாங்கள் தங்கிய கேம்ப் மோசமான இடம் இல்லை. நைரோபியில் இருக்கும் நாத்தனார் குடும்பம் விசாரித்துப் பார்த்துத்தான் ஏற்பாடு செய்திருந்தது. மாசாய் மாரா காப்பகத்துக்கு வெளியே, வடக்குப் பக்கத்தில் இருக்கும் கன்சர்வன்சி எனப்படும் தனிக் காப்பு நிலம் ஒன்றில் சில டென்ட்கள். சூரிய மின்சாரம், பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு கைடு, காரம் குறைத்துச் சமைத்துத் தரும் சமையல்காரர். என் மகள் இன்றைக்கும் அந்தச் சமையல்காரரின் சப்பாத்தியைப் பற்றிப் பேசுவாள். இருந்தும் அங்கே ஒரு சாயங்காலம் நடந்த ஒரு சின்ன விஷயம் இன்னும் எனக்குள் அடங்கவில்லை. கணவருக்கும் எனக்கும் அதில் இன்றுவரை ஒத்துப்போகவும் இல்லை.

அன்று மாலை புல்வெளியில் வரிக்குதிரைகளும் டோபி மான்களும் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, கழுத்து மணி சத்தத்தோடு ஒரு பெரிய மாட்டு மந்தை வந்தது. சிவப்புப் போர்வை போர்த்திய இரண்டு இளைஞர்கள் பின்னால் விசிலடித்து ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வரிக்குதிரைகள் கொஞ்சம் விலகி நின்று, மந்தை கடந்ததும் மறுபடி தலையைக் குனிந்து மேய ஆரம்பித்தன. எனக்கு அது பார்க்க அழகாக இருந்தது. இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, வேறொரு ஜீப்பில் போய்வந்த ஒருவர் மேனேஜரிடம் புகார் சொன்னார். இவ்வளவு பணம் கட்டியது காட்டு விலங்கு பார்க்க, எடுத்த போட்டோவில் எல்லாம் மாடுதான் இருக்கிறது என்றார். மேனேஜர் உடனே மன்னிப்புக் கேட்டார், நாளைக்கு மாடு வராத பக்கமாகக் கூட்டிப்போகச் சொல்கிறேன் என்றார். தீர்ந்தது. எல்லோரும் சூப்பைக் குடிக்கத் தொடங்கினார்கள். எனக்கு மட்டும் அந்த மன்னிப்பு நெருடிக்கொண்டே இருந்தது.

யாருடைய புல்

மாரா என்றவுடன் நம் மனதில் வருவது அரசாங்கத்தின் காப்பகம். ஆனால் கென்யாவின் காட்டு விலங்குகளில் பெரும்பகுதி தேசியப் பூங்காக்களுக்கும் காப்பகங்களுக்கும் வெளியேதான் வாழ்கிறது, அதுவும் கால்நடை மேய்ப்பவர்களின் நிலத்தில். மாராவைச் சுற்றியிருந்த மேய்ச்சல் நிலங்கள் 1968ஆம் வருடச் சட்டப்படி கூட்டுப் பண்ணைகளாகப் பதிவானவை. பல குடும்பங்களுக்குச் சேர்த்து ஒரே பட்டா. பிறகு அவற்றைத் துண்டு போட்டு ஆளுக்கொரு பட்டாவாகக் கொடுத்தார்கள். பட்டா கைக்கு வந்ததும் சிலர் வேலி போட்டார்கள், சிலர் விற்றார்கள், சிலர் உழவுக்கு விட்டார்கள். மாராவை ஒட்டிய லோயிட்டா சமவெளியில் கோதுமை வந்தபோது என்ன ஆனது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1977இல் அந்தப் பக்கத்தில் 1,19,000 அளவில் இருந்த வில்டபீஸ்ட், இருபதே வருடத்தில் 22,000 அளவுக்கு வந்துவிட்டது. துப்பாக்கிக்காரர்கள் யாரும் வந்து சுட்டுத் தீர்த்துவிடவில்லை. கன்று ஈனும் இடம் வயலாகிவிட்டது. கென்யாவின் மேய்ச்சல் நிலங்கள் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 1977க்கும் 2016க்கும் இடையில் காட்டு விலங்குகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்திருக்கின்றன. கென்யா வேட்டையைத் தடை செய்ததும் அதே 1977இல்தான் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இதற்குப் பதிலாக வந்தவைதான் கன்சர்வன்சிகள். 2005 முதல் மாராவைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக ஓல் கின்யேய், ஓலாரே ஒரோக், மாரா நார்த், நபோய்ஷோ என்று உருவாயின. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் ஒன்று சேர்ந்து தங்கள் துண்டுகளைச் சுற்றுலா கேம்ப்களுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். 2010இல் தொடங்கிய நபோய்ஷோ சுமார் 50,000 ஏக்கர், அதில் ஏறத்தாழ 500 குடும்பங்களின் பட்டா அடங்கியிருக்கிறது. குத்தகை ஏக்கர் கணக்கில் மாதாமாதம் வருகிறது. பதிலுக்கு அவர்கள் வேலி போடக் கூடாது, உழக் கூடாது, உள்ளே வீடு கட்டக் கூடாது, மாட்டை ஒதுக்கிய பகுதியில் ஒதுக்கிய காலத்தில்தான் விட வேண்டும். கேம்ப்களுக்கும் வரம்பு உண்டு. சில கன்சர்வன்சிகளில் 700 ஏக்கருக்கு ஒரு டென்ட்தான். ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டி நிற்கும் நெரிசல் அங்கே இல்லாததற்கு அதுதான் காரணம், அறை வாடகை கண்ணைக் கட்டுவதற்கும் அதுவே காரணம். இணையத்தில் எந்த கேம்ப்பின் பக்கத்தைத் திறந்தாலும் "தீண்டப்படாத காடு" என்ற பொருளில் ஏதாவது எழுதியிருக்கும். நாம் பணம் கட்டுவது ஐந்நூறு குடும்பங்கள் தங்கள் சொந்த நிலத்தில் செய்யாமல் விட்ட காரியங்களுக்கு.

அவர் ஜீப்பை நிறுத்திய இடம்

இதையெல்லாம் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்தது எங்கள் கைடு சொன்னது மட்டும்தான். மறுநாள் காலை, வெயில் ஏறும் முன்பு, ஒரு குரோட்டன் புதர்ப் பக்கம் டீக்கு நிறுத்தினார். மகள் அவரிடம், உங்களிடமும் மாடு இருக்கிறதா, எத்தனை இருக்கிறது என்று கேட்டாள். அவர் சிரித்தார். "இருக்கு. எத்தனை என்று மட்டும் கேட்கக் கூடாது. எங்கள் அப்பாகூட எண்ணிச் சொல்ல மாட்டார்" என்றார். அப்புறம் கையை நீட்டி, தூரத்தில் தனியாக நின்ற ஒரு வேல மரத்தைக் காட்டினார். "அந்த மரத்திலிருந்து இந்த ஓடை வரைக்கும் என்னுடைய நிலம். பட்டா என் பேரில் இருக்கிறது. நேற்று நீங்கள் சிங்கக் குட்டிகளைப் பார்த்தது என் தம்பியின் நிலத்தில்."

மகள் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தாள். வேலி இல்லை, கல் நட்டிருக்கவில்லை, ஒரு குடிசைகூடக் கண்ணில் படவில்லை. அவளுக்கு வந்த சந்தேகம் எனக்கும் வந்தது. உங்கள் நிலமென்றால் உங்கள் வீடு எங்கே என்று கேட்டாள். வீடு கன்சர்வன்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது என்றார். முன்பு இந்த ஓடைக்கு அந்தப் பக்கம்தான் அப்பாவின் பட்டி இருந்ததாம், ஒப்பந்தம் போட்டபோது எல்லோரும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். குத்தகைப் பணம் மாதாமாதம் வங்கிக்கு வந்துவிடுகிறது, அதில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நடக்கிறது. கைடு பயிற்சிக்குப் படித்து பரீட்சை எழுதியதால் சம்பளமும் வருகிறது. நல்ல ஏற்பாடுதான் என்று அவரே சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் மழை இல்லாத வருஷம் மாட்டுக்கு முன்னால் ஷில்லிங்கைப் போட முடியாது. அப்போது இந்தப் புல் வேண்டும்" என்றார்.

நான் முந்தைய நாள் இரவைப் பற்றிக் கேட்டேன். அந்த மாடுகள் அத்துமீறி வந்தவையா? இல்லை. அந்த மாதம் அந்தப் பகுதி மேய்ச்சலுக்குத் திறந்திருந்தது. கன்சர்வன்சி கமிட்டியும் கேம்ப்களும் சேர்ந்து போட்ட முறை அது, மேனேஜருக்கும் தெரியும். அப்படியானால் எதற்கு மன்னிப்பு என்றேன். "விருந்தாளி வருத்தப்பட்டால் கேட்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கை மூடினார். வண்டியில் ஏறும்போது, அந்த மந்தையில் தன் மாமாவின் மாடுகளும் இருந்தன என்றார்.

என்னை உறுத்தியது அந்தக் கடைசித் தகவல்தான். தன் நிலத்தில், தான் ஒப்புக்கொண்ட விதிப்படி, உரிய மாதத்தில் மேய்ந்த தன் மாமாவின் மாட்டுக்காக வேறு யாரோ மன்னிப்புக் கேட்டதை அவர் பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறார். சூப் கிண்ணங்களை எடுத்து வைக்கவும் உதவினார், அதை நான் பார்த்தேன்.

கணவரின் கட்சி

என் கணவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டு எழுத எனக்கு விருப்பமில்லை. "மாட்டை இஷ்டத்துக்கு விட்டா புல் எங்கே மிஞ்சும்? புல் போனா மான் போகும், மான் போனா சிங்கம் போகும், சிங்கம் போனா வாடகை எங்கிருந்து வரும்?" என்பார். அது நடக்கக்கூடியதுதான். மாராவின் சில பகுதிகளில் அளவுக்கு மீறி மேய்ந்த தரைகளை ஜீப்பிலிருந்தே பார்க்கலாம். வறட்சிக் காலத்தில் ஒரே புல்லுக்கு மாடும் வரிக்குதிரையும் போட்டி போடும். இன்னொரு பக்கம் வில்டபீஸ்ட் கன்று ஈனும் சமயத்தில் அவற்றிடமிருந்து மாட்டுக்கு ஒரு காய்ச்சல் தொற்றும், வந்தால் மாடு பிழைப்பது அரிது. அதனால் நல்ல பச்சைப்புல் இருக்கும் நாட்களிலேயே அங்கே மாடு மேய்க்கும் மாசாய் மக்கள் மாட்டை அந்த வெளிகளிலிருந்து தள்ளி ஓட்டிப்போய்விடுவார்கள். இரண்டும் கைகோத்து மேய்கின்றன என்று சொன்னால் அது பொய்.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. கென்யாவின் லைகிபியா பகுதியில் ம்பாலா (Mpala) என்ற ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே 1995 முதல் நிலத்தைப் பாத்திகளாகத் தடுத்து, ஒன்றில் மாடு மட்டும், ஒன்றில் காட்டு விலங்கு மட்டும், ஒன்றில் இரண்டும் என்று விட்டுப் பார்க்கிறார்கள். வறண்ட காலத்தில் சேர்ந்து மேய்ந்த மாடு எடை போடுவதில் பின்தங்கியது. மழைக் காலத்திலோ, வரிக்குதிரை போன்றவை முற்றிய தண்டுப் புல்லைக் கடித்து விலக்கிவிடுவதால், அவற்றோடு சேர்ந்து மேய்ந்த மாடு தனியாக மேய்ந்ததைவிட நன்றாகத் தேறியது. அப்புறம் பட்டி. கிடை போட்ட வயல் எப்படி விளையும் என்று நமக்குத் தெரியும். அங்கேயும் அதேதான், சாணமும் மூத்திரமும் சேர்ந்த பழைய பட்டி இடங்களில் புல் தனியாகத் தெரியும், மான்கள் அங்கேதான் கூடும். 2018இல் வந்த ஓர் ஆய்வு, மாரா இருக்கும் நரோக் பகுதியிலேயே ஏறத்தாழ 3,000 வருடத்துக்கு முந்தைய மேய்ப்பர்களின் பட்டி இடங்களைத் தோண்டிப் பார்த்து, அந்த மண்ணில் இன்றும் சத்து மிஞ்சியிருப்பதைக் கண்டது. வட்டமான பச்சைத் திட்டுகளாக அவை இப்போதும் தெரிகின்றன.

அப்படியென்றால் அன்று புகார் சொன்னவர் போட்டோ எடுக்க வந்த வெளி, மாடு நடந்து நடந்து உண்டானதில் ஒரு பங்கு. எத்தனை மாடு, எந்த மாதம், எந்தப் பகுதி என்று வரம்பு வேண்டும், அதில் எனக்கும் கணவருக்கும் சண்டை இல்லை. அந்த வரம்பைப் புல்லைப் பார்த்துப் போடுகிறார்களா, கேமராவைப் பார்த்துப் போடுகிறார்களா என்பதில்தான் சண்டை.

பிள்ளைகளுக்கு என்ன காட்டுகிறோம்

பிள்ளைகளோடு வரும் குடும்பங்களுக்காக கேம்ப்களில் நிறைய செய்கிறார்கள். வில் அம்பு செய்வது, குச்சியைத் தேய்த்து நெருப்பு மூட்டுவது, காலடித் தடத்தை பிளாஸ்டர் ஊற்றி அச்செடுப்பது, முடிவில் "குட்டி மாசாய் வீரர்" என்று ஒரு சான்றிதழ். மகளுக்குப் பிடித்திருந்தது, நானும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அவள் அதில் பார்த்த மாசாய்கள் எல்லோரும் ஈட்டி எறிந்தார்கள், குதித்து ஆடினார்கள். அவளை உண்மையில் யோசிக்க வைத்தது அந்த ஓடைப் பக்கம் டீ குடித்த அரை மணி நேரம். அதற்குப் பிறகு அவள் கேள்விகளே மாறிவிட்டன. இந்த நிலம் யாருடையது, சிங்கம் மாட்டை அடித்தால் யார் பணம் கொடுப்பார்கள், உங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள்.

சிங்கம் மாட்டை அடிப்பது பற்றி அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு நல்ல விஷயம் இருந்தது. நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டி வளர்ந்த ரிச்சர்ட் துரேரே என்ற மாசாய்ப் பையன், சிறுவனாக இருந்தபோதே பழைய கார் பேட்டரி, சோலார் தகடு, உடைந்த டார்ச்சுகளின் பல்புகள் ஆகியவற்றை இணைத்துப் பட்டியைச் சுற்றி விட்டு விட்டு எரியும் விளக்குகளைக் கட்டினான். யாரோ டார்ச்சோடு நடமாடுகிறார்கள் என்று நினைத்து சிங்கங்கள் பக்கத்தில் வருவதில்லை. மற்ற ஊர்களிலும் அதைக் கட்ட ஆரம்பித்தார்கள். 2013இல் டெட் (TED) உரை மேடையில் அவனே வந்து இதை விளக்கினான். ஒரு பட்டியில் அந்த விளக்குகளை நேரில் காட்டினால் எந்தப் பிள்ளையும் வாயைப் பிளந்து பார்க்கும். விடியற்காலையில் பால் கறக்கும்போது கூட்டிப்போகலாம். அந்த மாதம் மந்தை எந்தப் பக்கம் போகிறது, ஏன் போகிறது என்று மேய்க்கிறவரே சொல்லலாம். குதித்து ஆடும் நடனத்தைவிட இது பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலத்தைத் துண்டு போட்டபோது பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில்தான் போனது. ஆகவே குத்தகையும் ஆண்கள் கணக்குக்குத்தான் வருகிறது. பெண்கள் கைக்கு நேராக வரும் காசு பெரும்பாலும் பாசிமணி விற்ற காசு. கேம்ப் கடையில் அதே மணிமாலைக்கு என்ன விலை, அதைக் கோத்தவருக்கு அதில் எவ்வளவு போகிறது என்று கேட்டால் சில இடங்களில் உடனே பதில் வரும், சில இடங்களில் புன்னகைதான் வரும்.

வாடகை எங்கிருந்து வருகிறது

2020இல் விமானங்கள் நின்றபோது இந்த ஏற்பாட்டின் பலவீனம் வெளியே வந்தது. கேம்ப்கள் மூடின, மாராவின் பல கன்சர்வன்சிகளில் குத்தகை குறைக்கப்பட்டது, ரேஞ்சர்களின் சம்பளம் வெட்டப்பட்டது. அவசரக் கடன்களும் நன்கொடைகளும் வந்துதான் ஓரளவு நிமிர்ந்தார்கள். வீட்டையும் பட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனவர்களுக்கு வாடகையும் குறைந்து மேய்ச்சலுக்கும் தடை என்றால் அவர்கள் எந்தப் பக்கம் போவார்கள்? எத்தனை படுக்கை நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் நிலவாடகை நிலையாக வர வேண்டும், அது நின்றால் புல் தானாகத் திறக்க வேண்டும் என்பது என் கருத்து. பொருளாதாரம் தெரிந்தவர்கள் இதைவிட நன்றாகச் சொல்வார்கள்.

வேறு வழிகளும் அங்கேயே இருக்கின்றன. லைகிபியாவில் இல் ங்வேசி என்ற மாசாய் சமூகத்தின் லாட்ஜ் 1996 முதல் நடக்கிறது, நிலமும் லாட்ஜும் சமூகத்துக்கே சொந்தம், வருமானம் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் போகிறது. மாராவை ஒட்டி 2016இல் நஷுலாய் கன்சர்வன்சியைத் தொடங்கியவர்கள், வீடுகளை அகற்றாமல், மாடுகளை வெளியேற்றாமல், வேலிகளை மட்டும் பிடுங்கிப் போட்டு ஆரம்பித்தார்கள். யானைகளும் வில்டபீஸ்ட்களும் திரும்பி வந்தன. நமீபியாவில் 1996 சட்டத்துக்குப் பிறகு வனவிலங்கு வருமானத்தின் மீது சமூகங்களுக்கே உரிமை வந்தது, அங்கே குரூட்பெர்க் லாட்ஜ் முழுக்க ஒரு சமூகக் கன்சர்வன்சியின் சொத்து. எதிர்ப்பக்கம் பார்த்தால், 2025 ஜனவரியில் கென்யாவின் இசியோலோ பகுதியில் இரண்டு கன்சர்வன்சிகள், மக்களை முறையாகக் கலந்து பேசாமல் அமைக்கப்பட்டதால் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சமூகம் என்று பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அதனால் இப்போதெல்லாம் போன் செய்பவர்களுக்கு லாட்ஜ் பெயருக்குப் பதிலாகக் கேள்விகளைத் தருகிறேன். நிலம் யாருடையது, குத்தகை மாதாமாதம் நிலையாகப் போகிறதா, அங்கே வேலை செய்பவர்களில் நிலக்காரர் குடும்பத்தினர் எத்தனை பேர், மேய்ச்சல் முறை என்ன, பிள்ளைகளுக்கு மந்தையைக் காட்டுவார்களா. கல்லூரித் தோழி ஒருத்தி போன மாதம் இதை அப்படியே சில கேம்ப்களுக்கு மெயில் போட்டாள். ஒரு இடத்திலிருந்து, கவலையே வேண்டாம், எங்கள் பகுதியில் மாடு உங்கள் கண்ணில் படாது என்று அன்றைக்கே பதில் வந்தது. இன்னொரு இடத்திலிருந்து நான்கு நாள் கழித்து, அந்தப் பருவத்தின் மேய்ச்சல் வரைபடத்தையும், அவள் வரும் வாரத்தில் மந்தை ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும், வேண்டுமானால் காலையில் மேய்ப்பவர்களோடு பிள்ளைகள் கொஞ்ச தூரம் நடக்கலாம் என்ற குறிப்பையும் அனுப்பியிருந்தார்கள். வாடகை கொஞ்சம் அதிகம்தான். அவள் அங்கேதான் முன்பணம் கட்டியிருக்கிறாள்.